மூடியை மடித்தால் கடை மூடியதாகுமா?

கடையில் லெப்டொப் வைத்திருக்கும் நம்மவர்களில் அநேகர் இரவில் செய்வது ஒன்றுதான். மூடியை மடித்துவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் மூடியை மடித்தால் லெப்டொப் நிற்பதில்லை, தூங்குகிறது. ஸ்லீப் என்பது இதைத்தான். திரை அணைந்துவிடும், திறந்து வைத்த கணக்கெல்லாம் தற்காலிக நினைவகத்திலேயே கிடக்கும். அந்த நினைவகத்துக்கு விடிய விடிய கரண்ட் வேண்டும். கரண்ட் அற்றுப்போனால் சேமிக்காத கணக்கும் அதோடு போய்விடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022 மார்ச் கடைசி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம். நோன்புக்கு முந்திய வியாபாரம் வேறு. இரண்டு நாட்களாகக் கடனுக்குப் போன சாமான்களையெல்லாம் லெப்டொப்பில் அடித்து வைத்திருந்தேன். "வாப்பா, மூடிய மூடினாப் போதும், காலையில விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம்" என்றான் மகன். மூடினேன். சார்ஜர் சுவரில்தான் இருந்தது, சுவரில் கரண்ட் இல்லை. பெட்டரி குறைந்தால் இயந்திரம் தானாகவே கணக்கை டிஸ்கில் எழுதிவிட்டு அணைய வேண்டும். ஆனால் நாலு வருடப் பழைய பெட்டரி சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிட்டது. காலையில் மீட்டெடுத்தது பாதிதான். கடன் வாங்கியவர்களில் பலர் தாமாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். சிலர் வரவில்லை. போய்க் கேட்க என்னிடம் எழுத்தில் எதுவும் இருக்கவில்லை.

சேமிக்காமல் விட்டது என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் ஷட் டவுன் செய்யப் போயிருந்தால், "சேமிக்கவா?" என்று அது கேட்டிருக்கும். தூங்கப் போகும் லெப்டொப் எதையும் கேட்பதில்லை.

கரண்ட் பில்லுக்குப் பயந்து ஷட் டவுன் செய்யுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அது பெரிய காரணமல்ல. தூங்கும் லெப்டொப் 2 வொட் எடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரவுக்கு 14 மணித்தியாலம், மாதம் 30 நாள். கூட்டிப் பார்த்தால் ஒரு யூனிட்டும் வராது. கடையில் வீணாக எரியும் ஒரு பல்ப் அதைவிட அதிகம் தின்னும். அடிக்கடி அணைத்துப் போட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்ற பயமும் சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தது. இப்போதைய எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு ஒன்றுமில்லை. திறக்கவும் அரை நிமிடம் ஆகாது.

என் கணக்கு இதுதான். பகலில் வாடிக்கையாளரைக் கவனிக்கவோ, லுஹருக்குப் பள்ளிக்குப் போகவோ எழும்பினால் ஸ்லீப் போதும், ஆனால் முதலில் சேமித்துவிட வேண்டும். கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியைத் தூக்கும் எவருக்கும் நம்முடைய கொள்முதல் விலை தெரிந்துவிடும். இரவில் கடை அடைக்கும்போது ஷட் டவுன்தான். வேலையைப் பாதியில் விட்டுப் போக வேண்டுமானால் ஹைபர்னேட் இருக்கிறது. அது எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அணைந்துவிடும், கரண்ட் போனாலும் பயமில்லை. விண்டோஸில் அந்தப் பொத்தான் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் போய் வெளியே எடுக்க வேண்டும்.

இன்னுமொரு விஷயம், பலருக்குத் தெரியாது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் இயந்திரம் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் திறப்பதற்காக உள்ளே ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஆகவே பிரின்டர் முரண்டு பிடித்தாலோ, லெப்டொப் மந்தமானாலோ ஷட் டவுன் பண்ணித் திறப்பதில் பயனில்லை, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். நான் வாரம் ஒருமுறை, வியாழன் இரவு கொடுக்கிறேன். பாதுகாப்பு அப்டேட்களில் பலவும் அப்போதுதான் பூரணமாகப் பதியும்.

சாமான் எடுக்க இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூங்க வைத்த லெப்டொப்பைப் பையில் திணிக்க வேண்டாம். புதிய ரகங்கள் சில இடைவழியில் தானாக விழித்துக்கொள்ளும். காற்றில்லாத பைக்குள் அது சூடேறி, புறக்கோட்டையில் இறங்கும்போது பெட்டரியும் தீர்ந்திருக்கும்.