கற்ற கல்வி ஊருக்கு உதவுக!

காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல் தொடங்கப்பெற்றது நாட்டு நலப்பணித் திட்டம். ஈராண்டில் 240 மணிநேரத் தொண்டும், ஏழுநாள் ஊர்த்தங்கலும் அதன் நெறி. நன்று! ஆயின், தமிழும் வரலாறும் பயிலும் மாணவன் ஆங்குச் சென்று ஆற்றும் பணி யாது? பெரும்பாலும் புதர் வெட்டுதலும் மரக்கன்று நடுதலுமே! உடலுழைப்பு இழிவன்று, எனினும், அவன் கற்ற கல்விக்கு அவ்வூரில் வேலையே இல்லையா?

கோயிற் சுவர்க் கல்வெட்டுகள் சுண்ணாம்புப் பூச்சில் மறைந்து கிடக்கின்றன. உழவரும் தச்சரும் கொல்லரும் வழங்கும் தூய தொழிற்சொற்கள், முதியோர் மறைய மறைய உடன் மறைகின்றன. எழுத்தறியா மூதாட்டி, முதியோர் உதவித்தொகைக்கு முறையீடு எழுதப் பிறர் கையை எதிர்நோக்கி நிற்கின்றாள். கல்வெட்டைப் படியெடுத்தலும், சொற்களைத் தொகுத்தலும், முறையீடு வரைந்து தருதலும் எவர் கடன்? மொழி கற்றார் கடனன்றோ!

"தமிழ் படித்து என்ன பயன்?" என்று எள்ளுவார்க்கு மேடைமுழக்கம் விடையாகாது, இப்பணியே விடை. அந்த 240 மணியில் பாதியையேனும் கல்லூரிகள் இதற்கென ஒதுக்குக! மாணவனே, மண்வெட்டியை எடு. எழுதுகோலையும் உடன் எடு! ஊர் காத்திருக்கும், மறையும் சொல் காத்திராது!