அழைப்பைக் கேட்கும் செவிக்குத் தமிழ் தெரியுமா?

பொலிஸ் என்றதும் நம் மக்கள் காக்கிச் சட்டையையும் ஜீப் வண்டியையும் துவக்கையும் நினைக்கின்றனர். நாமோ தொலைபேசியருகே அமர்ந்திருப்பவரை நினைக்கின்றோம். எங்கே, என்ன, எத்தனை பேர், கையில் ஆயுதம் உண்டா என்று முதலில் வினவுபவர் அவர். எந்த நிலையத்திலிருந்து யாரை அனுப்புவது, போகிறவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்பதும் அங்கேதான் தீர்மானமாகின்றது. ஜீப் புறப்படுமுன்பே பொலிஸ் நடவடிக்கையின் பாதி முடிந்துவிடுகின்றது.

இது மிகைக் கூற்று என்போர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைப் பார்க்கட்டும். 2014 நவம்பர் 22 ஆம் நாள், தமீர் ரைஸ் என்னும் 12 வயதுச் சிறுவன் பூங்காவொன்றில் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்றான். 911 ஐ அழைத்தவர், அது போலித் துப்பாக்கியாக இருக்கக்கூடும், ஆள் சிறுவனாக இருக்கக்கூடும் என்று சொல்லியே இருந்தார். அவ்விரு செய்திகளும் வண்டியில் சென்ற பொலிஸாருக்குச் சொல்லப்படவில்லை. வண்டி நின்ற சில வினாடிகளில் சுட்டனர்; மறுநாள் சிறுவன் மாண்டான். அழைப்பைக் கேட்டவருக்கு 2017 இல் கிடைத்த தண்டனை எட்டு நாள் பணி நிறுத்தம்! சொன்னவரும் கேட்டவரும் ஒரே மொழி பேசிய நாட்டிலேயே இக்கதி நேர்ந்ததென்றால், மொழியே விளங்காத செவியிடம் முறையிடுவோரின் கதி என்ன?

நம் குடாநாட்டில் முகவரி என்பது தெருவும் இலக்கமும் அன்று. வயிரவர் கோயிலடியால் திரும்பி, வாசிகசாலைக்கு எதிர் ஒழுங்கையால் இறங்கி, பனங்காணிக்கு அப்பாலுள்ள கல்வீடு என்பதே முகவரி. கலட்டி என்றால் எந்தக் கலட்டி? இரவில் வாள்வெட்டுக் கும்பல் படலையை உடைக்கும்போது, தோட்டத்துக் கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரத்தைக் களவாடும்போது, இதையெல்லாம் வேற்று மொழியில் பெயர்த்துச் சொல்ல எந்தக் கமக்காரனால் இயலும்?

சட்டம் என்ன சொல்கின்றது? 1956 இன் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 31 ஆண்டுகள் கழித்து, 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு, வாய்மொழித் தகவல் எம்மொழியில் கொடுக்கப்பட்டதோ அம்மொழியிலேயே எழுதப்படல் வேண்டும் என்கின்றது. எழுத்தில் குறைவில்லை. இந்நாட்டில் எழுத்தில் என்றுமே குறைவிருந்ததில்லை.

119 என்னும் இலக்கம் நாடு முழுவதற்கும் உரியது. அப்படியிருக்க, வட மாகாணத்தார் தமிழில் முறையிட 107 என்னும் தனி இலக்கம் 2024 இல் வவுனியாவில் தொடங்கிவைக்கப்பட்டது. இதை வரவேற்கிறோம். ஆனால் வழக்காடு மன்றத்தில் நிற்பவர்களுக்கு ஒன்று தெரியும்: எதிராளி தன் செயலாலேயே தரும் ஒப்புதலைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை. 119 இல் தமிழ் தடையின்றி ஒலித்திருப்பின் 107 எதற்கு? மொழியுரிமை வட மாகாணத்துக்கு மட்டுமா உரியது? கொட்டாஞ்சேனைத் தமிழன், அட்டன் தோட்டத் தொழிலாளி, மட்டக்களப்பு உழவன், புத்தளத்து முஸ்லிம் எந்த இலக்கத்தை அழைப்பது? உயிர் ஊசலாடும் வேளையில் எவருக்கும் நினைவுக்கு வருவது ஒரே இலக்கந்தான். அந்த ஒன்றில் தமிழ் இருக்கவேண்டும். இலவச நோயாளர் வண்டிக்கான 1990 சேவை 2018 இல் வடக்கிற்கு வந்தபோது, தமிழனுக்கென்று வேறோர் இலக்கம் கொடுக்கப்படவில்லையே!

பதின்மூன்றாந் திருத்தமே மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தையும் எழுதிவைத்தது. 2013 இல் நாம் தெரிந்தெடுத்த வட மாகாண சபை, 2018 இல் பதவிக்காலம் முடியும்வரை அவ்வதிகாரத்தின் நிழலைக்கூடக் காணவில்லை. அது கிடைத்திருப்பின், கோப்பாய்க்கும் பளைக்கும் உள்ள தூரம் அறிந்தவர்களை அந்நாற்காலியில் அமர்த்துவது நம் கையில் இருந்திருக்கும். கிடைக்குமட்டும் வாளாவிருக்கலாகாது.

நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த அமர்விலேயே வினா எழுப்பட்டும்: 119 இல் ஒவ்வொரு முறைக்கும் தமிழறிந்தோர் எத்தனை பேர்? 107 க்கு வரும் அழைப்பு எத்தனை நிமிடத்தில் உரிய நிலையத்தை எட்டுகின்றது? அழைப்பு வந்த நேரமும் வண்டி புறப்பட்ட நேரமும் எம்மொழியில் பதியப்படுகின்றன, அப்பதிவின் பிரதியை முறைப்பாட்டாளர் பெற வழியுண்டா? விடை வரும்வரை, அழைப்போர் தாம் அழைத்த நேரத்தையும் பொலிஸார் வந்த நேரத்தையும் கொப்பியில் குறித்து வைப்பார்களாக. நீதிமன்றில் அது உதவும்.