ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. ஆனால் அழைப்பு வரவில்லை

ஒரு பருவம் முழுவதும் தோல்வியே காணாத கல்லூரி அணிக்கு இறுதியில் என்ன கிடைக்க வேண்டும்? கோப்பை, பாராட்டு, நாளிதழில் ஒரு படம் என்றுதான் நாம் நினைப்போம். 1951இல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணி ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆனால், அதற்குப் பெரிய ஆட்டம் எதற்கும் அழைப்பு வரவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் அணியே கலைக்கப்பட்டது.

கடந்த தவணையில் ஓர் இடுபணிக்காக விளையாட்டு வரலாற்றைப் புரட்டியபோதுதான் இந்த அணியைப் பற்றி அறிந்தேன். இடுபணியை அனுப்பிய பிறகும் அந்த வீரர்கள் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது. நாம் விளையாடும் காற்பந்து வேறு, அமெரிக்கக் காற்பந்து வேறு. அங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும். காலைவிடக் கைக்குத்தான் அதிக வேலை. பந்தை ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் 'டச்டவுன்'. ஒருவர் பந்தோடு ஓடுவார். அவருக்கு வழி திறப்பதற்காக மற்றவர்கள் எதிரணியினரை மோதித் தடுப்பார்கள். பெயர் வாங்குபவர் ஒருவர், அடி வாங்குபவர் பலர்.

சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பெயர் 'டான்ஸ்'. பல்கலைக்கழகமோ கிறிஸ்துவப் பாதிரியார்கள் நடத்திய சிறிய கல்வி நிலையம். பயிற்றுநர் ஜோ குஹாரிச் கண்டிப்புக்குப் பேர்போனவர். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஜினோ மார்க்கெட்டி போன்றவர்களும் அணியில் இருந்தனர். பெரும்பாலோர் வெள்ளையர். இருவர் மட்டும் கறுப்பின மாணவர்கள்: ஓலி மேட்சன், பர்ல் டோலர்.

அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரி வீரர்களில் பந்தோடு அதிகத் தூரம் ஓடியவர் மேட்சன்தான். ஒன்பது ஆட்டங்களில் 1,566 கஜம், 21 டச்டவுன்கள். நியூயார்க்கில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஏறக்குறையத் திடலின் முழு நீளமும் ஓடி அவர் டச்டவுன் எடுத்தார். அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை! டான்ஸ் 32-26 என்று வென்றது. டோலரின் பலம் எதிரணியை மடக்குவதில் இருந்தது. மேட்சனைவிட டோலரே சிறந்த ஆட்டக்காரர் என்று சொன்ன சக வீரர்களும் உண்டு.

அக்காலத்தில் கல்லூரி அணிகளுக்கு இறுதியாட்டம் என்று ஒன்று கிடையாது. புத்தாண்டையொட்டி 'பவுல்' எனப்படும் சிறப்பு ஆட்டங்கள் நடக்கும். பல பவுல்களின் ஏற்பாட்டுக் குழுக்கள் தாங்கள் விரும்பும் அணிகளை அழைக்கும். அழைக்கப்பட்ட கல்லூரிக்குப் பணமும் கிடைக்கும், புகழும் கிடைக்கும். டான்ஸ் அணிக்குப் புகழைவிடப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. காற்பந்துச் செலவைத் தாங்க முடியாமல் கல்லூரி திணறிக்கொண்டிருந்தது. ஒரு பவுல் அழைப்பு வந்தால் அணி பிழைக்கலாம் என்பது வீரர்களுக்கும் தெரிந்திருந்தது.

ஆனால், பெரிய பவுல்களில் பல அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்தன. அங்கே அப்போது இனப் பிரிவினை சட்டமாகவே இருந்தது. பள்ளியும் தனி, பேருந்து இருக்கையும் தனி. பொதுப்பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1954இல்தான் வந்தது. பருவத்தின் கடைசியில் டான்ஸ் அணிக்கு ஒரு தகவல் எட்டியது. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த அணியின் வீரர்கள் பின்னாளில் சொன்னது இதுதான்.

அவர்கள் மறுத்துவிட்டார்கள். பிற்காலப் பேட்டிகளில்கூட அவர்கள் அதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 'அவர்கள் இல்லாமல் நாங்கள் எப்படிப் போவது?' என்ற அளவில்தான் பேசினார்கள்.

அணி பலவீனமான எதிரிகளோடு மோதியதால்தான் அழைப்பு வரவில்லை என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். அந்த வாதத்தை ஒரு தகவலோடு சேர்த்துப் பாருங்கள். அதே பருவத்தில் டான்ஸ் அணியிடம் 47-14 என்று தோற்ற பசிபிக் கல்லூரிக்கு 'சன் பவுல்' ஆட்டத்தில் இடம் கிடைத்தது. தோற்கடித்தவர்களோ வீட்டில் இருந்தார்கள்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். கல்லூரி அணியைக் கலைத்துவிட்டது. அவர்கள் மறுத்ததால் தென்மாநிலங்களின் சட்டம் மாறவில்லை. பவுல் ஆட்டங்களும் வேறு அணிகளோடு வழக்கம்போல் நடந்தன. அப்படியென்றால் அந்த மறுப்பால் என்ன பயன்?

இங்கேதான் என் சொந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நான் படிவம் நான்கில் படித்தபோது, எங்கள் குடியிருப்புப் பகுதிப் பையன்கள் சேர்ந்து எழுவர் காற்பந்து அணி ஒன்றை வைத்திருந்தோம். எங்கள் கோல் காவலன் என் வகுப்புத் தோழன். இந்த நாட்டிலேயே பிறந்தவன். பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே பிறந்துவிட்டதால், அவனுக்கு நீல அடையாள அட்டை கிடைக்கவில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டு, குடும்பமே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, நீல அட்டை இல்லாதவர் விளையாட முடியாது என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். நாங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனே, "நீங்க போய் விளையாடுங்கடா, எனக்கு ஒன்னுமில்ல," என்றான். அந்த வார்த்தை எங்களுக்கு வசதியாக இருந்தது. வேறொருவனைக் கோல் கம்பத்தில் நிறுத்தி விளையாடினோம், மூன்றாம் இடம் பெற்றோம். எடுத்துக்கொண்ட படத்தில் ஆறு பேர் சிரிக்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன். அடுத்த வாரப் பயிற்சிக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

விதியை எழுதியவர்களை நான் இங்கே குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்கு அவனைத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஏற்பாட்டாளர்களிடம் போய், "இவன் எங்கள் பள்ளி மாணவன்தான், பள்ளிக் கடிதம் கொண்டு வருகிறோம், சேர்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கலாம். அவர்கள் மறுத்திருக்கலாம். அப்போதும் அவனுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: தனக்காகக் கேட்க ஆறு பேர் இருக்கிறார்கள் என்று.

டான்ஸ் வீரர்களின் மறுப்பால் என்ன பயன் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். வெளியே தள்ளப்படுபவன் தனியாகத் தள்ளப்படவில்லை. மேட்சனும் டோலரும் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டிய நிலையை அவர்களுடைய தோழர்கள் உருவாக்கவில்லை. இழப்பை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அழைப்பு வராததால் அவர்கள் வாழ்க்கை முடிந்துவிடவுமில்லை. மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். அவரும் மார்க்கெட்டியும் பாப் செயின்ட் கிளேரும் நிபுணத்துவக் காற்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர்! அந்த அணிக்குச் செய்தித் தொடர்பாளராக இருந்த இளைஞர் பீட் ரோசல், 1960இல் தேசியக் காற்பந்து லீக்கின் தலைவரானார். முழங்கால் காயத்தால் டோலர் நிபுணத்துவ ஆட்டக்காரராக முடியவில்லை. அவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆசிரியராகி, பள்ளி முதல்வராகவும் உயர்ந்தார். 1965இல் அந்த லீக்கின் முதல் கறுப்பின நடுவர் ஆனார். 2006இல் பல்கலைக்கழகம் அந்த அணியினருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. 55 ஆண்டுகள் கழித்து!

ஆனால், பின்னால் கிடைத்த இந்தப் பெருமைகளுக்காக அவர்களைப் பாராட்டினால் நாம் பாடத்தைத் தவறாகப் படிக்கிறோம் என்பேன். 1951இல் முடிவெடுத்தபோது பட்டமும் புகழ் மண்டபமும் வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. அணி கலைந்துபோகக்கூடும் என்பதுதான் தெரிந்திருந்தது.

மாணவ நண்பர்களே, நம்மிடம் யாரும் பவுல் அழைப்போடு வரப்போவதில்லை. நமக்கு வரும் சோதனைகள் சிறியவை. குழு இடுபணியில் மலாயோ ஆங்கிலமோ தடுமாறும் தோழியைப் படைப்பிலிருந்து மெதுவாக விலக்குவது, சுற்றுலாக் கட்டணம் கட்ட முடியாதவனிடம் கேட்காமலேயே பேருந்தை முன்பதிவு செய்வது, சீருடை வாங்க வசதியில்லாதவளை மாற்று ஆட்டக்காரராக உட்கார வைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். அவர்களே, "பரவாயில்லை, நீங்கள் போங்கள்," என்றும் சொல்வார்கள். அந்தச் சொல்லை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெயர்ப்பட்டியலைக் கொடுப்பதற்கு முன், "இதில் யார் விடுபடுகிறார், ஏன்?" என்று குழுவில் ஒருவராவது வாய்விட்டுக் கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் இருவராகக் கேளுங்கள்.

இந்தத் தவணை எங்கள் பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகம் இடைநிலைப்பள்ளிகளுக்கு எழுவர் காற்பந்துப் போட்டி ஒன்றை நடத்துகிறது. விதிமுறைகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. சென்ற ஆண்டின் பாரத்தில் 'அடையாள அட்டை நகல் கட்டாயம்' என்று ஒரு வரி இருந்தது. செயலவைக் கூட்டத்தில் அதைப் பேசி, 'பள்ளி மாணவர் அட்டை அல்லது பள்ளியின் கடிதம் போதும்' என்று மாற்றினோம். ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை.

என் நண்பன் இப்போது ஒரு கார் பட்டறையில் வேலை செய்கிறான். அவனுடைய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. புதிய பாரத்தைக் கைப்பேசியில் அவனுக்கு அனுப்பி வைத்தேன். படித்துவிட்டு, "ஆட்ட நடுவர் வேணும்னா சொல்லு, வரேன்," என்று பதில் போட்டிருக்கிறான். இம்முறை அவனுக்காக நான் கேட்கப் போகிறேன்.