பழுதுபார்க்கும் கையைப் பழுதுபட விடலாமா?

ஓர் இயந்திரத்தை விலைகொடுத்து வாங்கியவன் அதற்கு உடைமையாளன் ஆகிவிடுகிறான் என்றே நாமெல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. அதனைத் திறக்கவும், உள்ளே நடப்பது இன்னதென அறியவும், தேய்ந்ததை மாற்றி மீண்டும் ஓடவைக்கவும் அவனாலோ அவனுடைய ஊர்த் தொழிலாளியாலோ முடியுமானால்தான் அவன் முழு உடைமையாளன். முடியாதெனில், பணம் கொடுத்தவன் அவன். ஆட்சி செய்பவன் வேறொருவன்.

இவ்வுண்மையை விளக்க நூல்களைத் தேடிச் செல்லவேண்டியதில்லை. நம் வீட்டுத் தாழ்வாரங்களிலும் தோட்டத்துக் கொட்டில்களிலும் தூசி படிந்து நிற்கும் பழைய யப்பானிய மோட்டார்ச் சைக்கிள்களே போதும். இன்று பிற நாட்டுச் செல்வர் பலர் இவற்றைத் தேடி வாங்கி, மெருகேற்றிக் காட்சிக்கு வைக்கின்றனர். அவர்களுக்கு அவை அழகுப் பொருள்கள். நமக்கோ அவை அதனினும் மேலானவை. சாதாரண மனிதனின் கையை நம்பி ஆக்கப்பட்ட இயந்திரங்கள் அவை. அந்த நம்பிக்கைக்கு ஈடுகொடுத்து வளர்ந்த தொழிலறிவை நம் கண்முன்னே இழந்துகொண்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் முறையீடு.

பட்டறையில் பிறந்த தொழில்

யப்பானின் மோட்டார்ச் சைக்கிள் தொழில் பெருமூலதனத்தில் பிறந்ததென்று எவரேனும் எண்ணுவாராயின், அவர் ஹமமட்சு நகரின் வரலாற்றை அறியாதவரே. டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையில் உள்ள அந்நகரில், 1887ஆம் ஆண்டு, பள்ளிக்கூடமொன்றின் ஓர்கன் என்னும் இசைக்கருவி பழுதடைந்தது. அதைத் திருத்த அழைக்கப்பட்டவர் தொரகுசு யமஹா. திருத்தியவர், அதன் அமைப்பைக் கற்றுக்கொண்டு தாமே ஓர்கன் செய்யத் தொடங்கினார். அந்த இசைக்கருவித் தொழிலின் வழியாகவே 1955இல் யமஹா மோட்டார் கம்பெனி தோன்றிற்று.

ஹமமட்சுவை அடுத்த சிற்றூரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த சொயிச்சிரோ ஹொண்டா, 1922இல், தம் 15ஆம் வயதில், டோக்கியோவிலுள்ள மோட்டார் வாகனம் திருத்தும் பட்டறையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். போர் முடிந்து நாடே சாம்பலாய்க் கிடந்த 1946இல், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்னூட்டப் பயன்பட்ட சிறு எந்திரங்கள் சில அவர் கண்ணிற் பட்டன. எவருக்கும் வேண்டாதனவாய்க் கிடந்த அவற்றைத் துவிச்சக்கர வண்டிகளிற் பொருத்தி விற்றார். 1948இல் தோன்றிய ஹொண்டா கம்பெனிக்கு அதுவே வித்து. அதே நகரில் 1909 முதல் நெசவுத் தறி செய்துவந்த மிச்சியோ சுசுகியின் நிறுவனமும் 1952இல் எந்திரம் பூட்டிய சைக்கிளோடு இத்துறையிற் புகுந்தது.

யமஹாவின் முதல் மோட்டார்ச் சைக்கிளான வை.ஏ. 1, ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பெனியுடைய 125 கன சென்ரிமீற்றர் வண்டியை மாதிரியாகக் கொண்டது. இதைக் கண்டு நகைப்பாரும் உளர். பிறர் செய்ததைப் பிரித்துப் பார்த்துக் கற்பதில் நகைப்புக்கு இடமெங்கே? நகைப்புக்கு உரியவன் பிரித்துப் பார்க்கவே அஞ்சுகிறவன் அன்றோ! 1959இல் மான் தீவின் பந்தயத்துக்கு முதன்முறை சென்ற ஹொண்டா, 1961இல் 125, 250 ஆகிய இரு பிரிவுகளிலும் வெற்றி வாகை சூடிற்று. 1969இல் விற்பனைக்கு வந்த, நான்கு சிலிண்டர் கொண்ட சி.பி. 750, அதுவரை பிரித்தானியரின் கோட்டையாயிருந்த பெருவண்டிச் சந்தையையே ஆட்டங்காணச் செய்தது. பட்டறைக்காரரின் பிள்ளைகள் பேரரசின் பொறியியலை வென்ற கதை இது.

எளியோருக்கென்று எண்ணி ஆக்கியது

ஆயினும் உலகை மாற்றியது பந்தய வண்டியன்று. 1958 ஆகஸ்டில் வெளிவந்த சூப்பர் கப் என்னும் சிறுவண்டியே. 49 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, நாலரைக் குதிரைவலு, விலை 55,000 யென். உணவு கொண்டு செல்லும் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தியபடி மறுகையால் ஓட்டக்கூடியதாய் இருத்தல்வேண்டும் என்பது அதனை ஆக்கியோர் கொண்ட நோக்கங்களுள் ஒன்று. ஆதலால் கைக் கிளச்சை நீக்கி, எந்திரத்தின் வேகத்துக்கேற்பத் தானே பற்றி விடும் கிளச்சை அமைத்தனர். பெண்களும் முதியோரும் எளிதில் ஏறி இறங்க நடுச்சட்டத்தைத் தாழ்த்தினர். 2017இல் இவ்வகை வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. மோட்டார் பூட்டிய வாகனம் வேறெதுவும் இத்தொகையை எட்டியதில்லை.

இதனைத் திருத்துவதற்கு வேண்டுவன எவை? சில ஸ்பானர்கள், ஒரு திருப்புளி, இடைவெளி அளக்கும் தகடுகள், பொறுமை. வால்வின் இடைவெளி, எந்திரம் குளிர்ந்திருக்கையில், 0.05 மில்லிமீற்றர். மின்பொறியைப் பிறப்பிக்கும் பொயின்ற் திறக்கும் அளவு 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். இவ்விரண்டையும் ஒழுங்காக வைத்து, எண்ணெயைக் காலம் தவறாது மாற்றி, காற்று வடிகட்டியைத் துப்புரவாக வைத்திருப்பவனுக்கு அது ஒரு தலைமுறைக்கு உழைக்கும். ஐம்பது ரக வண்டிகள் பல பற்றரி செத்தாலும் உதைத்தால் உயிர்பெறும். அவற்றின் சுழல்சக்கரக் காந்தமே பொறிக்கு மின் வழங்கிவிடுகிறது.

கையின் நுட்பம்

எளிமை என்றதும் எவரும் தட்டித் திருத்திவிடலாம் என்று கொள்ளற்க. இப்பழைய வண்டிகளில் முதலிற் பாழாவது திருகாணியின் தலை. அவற்றின் சிலுவைத் தலைத் திருகாணிகள் யப்பானியத் தரநிர்ணயத்தின்படி செய்யப்பட்டவை. மேல்நாட்டுப் பிலிப்ஸ் திருப்புளி அக்குழியில் முற்றப் பொருந்துவதில்லை. பொருந்தாததை வலிந்து திருகினால் நுனி வழுக்கிக் குழி தேய்ந்துவிடும். பின்னர் துளையிட்டே அகற்றவேண்டி நேரும். உரிய திருப்புளியை இட்டு, துருவிளக்கும் எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு, சுத்தியலால் அடிக்க அடிக்கத் திருகும் அடிதிருப்பியைப் பயன்படுத்துவோன் ஆணியையும் காப்பான், அலுமினிய உறையையும் காப்பான்.

காபரேற்றரும் இவ்வாறே. நெடுநாள் நின்ற வண்டியில் பெற்றோல் வற்றிப் பசையாகி, மெல்லிய பித்தளைத் துளைகளை அடைத்துவிடும். அவசரக்காரன் அதற்குள் இரும்புக் கம்பியை விடுகிறான். துளை சற்றே அகன்றாலும் பெற்றோலின் அளவு மாறிவிடும். வண்டி அதன்பின் ஒருபோதும் ஒழுங்காக மூச்சு விடாது. அறிந்தவன் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றை ஊதித் துப்புரவாக்குகிறான். பெற்றோல் தாங்கியின் துருவை மென்மையான சிட்ரிக் அமிலக் கரைசல் போக்கும். போக்கியபின் உடனே கழுவி உலர்த்தாவிடின் ஒரே இரவில் துரு மீண்டும் பூக்கும். இவையெல்லாம் சிறு செய்திகளே. ஆனால் இச்சிறு செய்திகளின் தொகுதிக்குத்தான் தொழிலறிவு என்று பெயர்.

பழைய வண்டியைப் போற்றுவோர் செய்யும் பிழையொன்றையும் இங்கே சுட்டவேண்டும். போற்றுதல் என்பது எல்லாவற்றையும் கழற்றி எறிந்து புதுவண்ணம் பூசி மினுக்குவதென்று பலர் கருதுகின்றனர். தொழிற்சாலை இட்ட வண்ணமும், முதற் சொந்தக்காரரின் கைபட்டுத் தேய்ந்த பிடியும் ஒருமுறை போனால் போனவையே. ஓடுவதற்கு வேண்டியதைப் புதுக்குக; எஞ்சியதைத் துடைத்து எண்ணெயிட்டுக் காக்க. கழற்றிய பழைய பகுதியைக் குப்பையில் எறியாது பெட்டியில் இட்டு வைக்க.

நாம் தேறிய சோதனை

இவ்வறிவின் பெறுமதியை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டன. அப்போது என்ன நடந்தது? காபரேற்றருக்குள் சிறிது பெற்றோலை விட்டு எந்திரத்தைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவைத்தனர் நம் தொழிலாளர். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எந்திரத்தில் தட்டலை உண்டாக்கும். பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். இவை ஒவ்வொன்றுக்கும் ஈடுசெய்யும் வழியை அவர்கள் பட்டறிவால் கண்டனர். நோயாளியும் ஆசிரியரும் கமக்காரரும் அவ்வண்டிகளிலேயே பயணம் செய்தனர். பெரும் பட்டம் எதுவும் பெறாத கைகள் ஒரு சமுதாயத்தின் போக்குவரத்தைத் தாங்கி நின்றன.

அது பழங்கதை என்பீராயின், அண்மைக் கதையைக் கேளுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025இலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடையில் 2022இல் எரிபொருள் பங்கீடு வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்குத் தொடக்கத்திற் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அந்த ஐந்தாண்டுகளில் இந்நாட்டின் சக்கரங்களைச் சுழலவைத்தது யார்? புதிய வண்டி விற்கும் கண்ணாடி மாளிகைகளா? கிரீஸ் படிந்த கராஜுகளா?

மறுப்புரைப்போருக்கு

பழைய வண்டி புகைக்கும், அதன் தடை போதாது, காலத்தோடு செல்வதே அறிவுடைமை என்பார் உளர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் இரண்டடிப்பு எந்திரம் காற்றை மாசுபடுத்துவது மறுக்கவொண்ணாதது. யப்பானிலேயே மாசுக் கட்டுப்பாடு இறுகியதால், 50 கன சென்ரிமீற்றர் சூப்பர் கப்பின் உற்பத்தியை ஹொண்டா 2025இல் நிறுத்திவிட்டது. புதிய வண்டிகள் குறைந்த எரிபொருளில் ஓடுகின்றன. குறைந்த நஞ்சைக் கக்குகின்றன. அவற்றை வேண்டாமென நாம் சொல்லவில்லை.

நாம் வினவுவது வேறு. புதிய வண்டியின் மின்னணுப் பெட்டி பழுதானால் அதைச் சோதிக்கும் கருவியும் கைந்நூலும் ஊர்த் தொழிலாளிக்குக் கிடைக்குமா? அல்லது முழுப்பெட்டியையும் மாற்றென்று கம்பெனி கட்டளையிடுமா? குற்றம் மின்னணுவியலில் இல்லை. அதற்கு இடப்பட்ட பூட்டில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல், வீட்டுச் சலவை இயந்திரம், குளிரூட்டி, கைபேசி முதலியவற்றைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டமே இயற்றியது. செல்வ நாடுகளுக்கே இவ்வுரிமை தேவையெனில், ஒவ்வொரு ரூபாவையும் எண்ணிச் செலவிடும் நமக்கு அது எத்துணை இன்றியமையாதது!

செய்யவேண்டுவன

முதலாவது, தொழில்நுட்பக் கல்லூரிகளில் இப்பழைய எந்திரங்களைப் பாடமாக்குதல் வேண்டும். நான்கடிப்பு எந்திரத்தின் உட்பொருளைக் கண்ணாற் கண்டு கையாற் தொட்டுக் கற்க இவற்றை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை. இதைக் கற்றவன் நீரிறைக்கும் இயந்திரத்தையும் இருசில்லு உழவு இயந்திரத்தையும் அஞ்சாது திறப்பான்.

இரண்டாவது, முதிய தொழிலாளர் நெஞ்சிலும் விரலிலும் மட்டும் வாழும் அறிவைத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். பொறியியலாளரும் ஆசிரியரும் விடுமுறை நாளில் ஒரு கராஜில் அமர்ந்து, கேட்டு, வரைந்து, அளந்து எழுதட்டும். கற்றோர் கல்லாரிடம் கற்கும் நாள் தாழ்வுக்குரிய நாளன்று.

மூன்றாவது, கமக்காரரும் உத்தியோகத்தரும் ஓர் இயந்திரத்தை வாங்குமுன் மூன்று கேள்வி கேட்கப் பழகவேண்டும்: உதிரிப்பாகம் கிடைக்குமா? கைந்நூல் தருவீர்களா? எங்கள் ஊர்க்காரர் இதைத் திறக்கலாமா? வாங்குவோர் ஒன்றுபட்டுக் கேட்டால் விற்போர் விடையளித்தே தீரவேண்டும்.

நான்காவது, தொழிலாளிக்கு உரிய கூலியையும் மதிப்பையும் கொடுப்போம். பிள்ளை மருத்துவனாகவோ கணக்காளனாகவோ ஆகாவிட்டால்தான் கராஜுக்கு அனுப்புவோம் என்னும் மனப்பான்மை நம்மிடம் உள்ளவரை, அங்கு கூர்மதி படைத்த இளைஞர் எங்ஙனம் சேர்வர்? கொல்லரின் மகனொருவன் பட்டறையில் தொழில் பழகியதால் யப்பானுக்கு வந்த நன்மையை மேலே கண்டோம்.

தாழ்வாரத்தில் நிற்கும் அப்பழைய வண்டியைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் தள்ளிவிடுவதற்கு ஒரு நிமிடம் போதும். அதனை மீண்டும் ஓடவைக்கும் கையை உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும். முதலாவதைச் செய்யுமுன் இரண்டாவதை எண்ணிப் பார்ப்போமாக.