வால்வு பக்தர்களுக்கு ஒரு மறுப்பு

கிற்றார் வாசிக்கும் இளைஞர்கள் கூடும் இடங்களில் ஒரு தீர்ப்பு அடிக்கடி வழங்கப்படுகிறது. டிஜிற்றல் மொடலர் உயிரற்ற பெட்டி, வால்வு அம்பிளிபயரிலிருந்து வருவதே தொனி, மற்றதெல்லாம் பிளாஸ்ரிக். தீர்ப்பு வழங்குவோர் பெரும்பாலும் என் வயதினர். ஆகையால் அதனை மறுத்துரைக்கும் கடமையும் எனக்கு உண்டென்று கருதுகிறேன்.

விடயம் புதிதாக இருக்கும் வாசகர்களுக்காகச் சில வரிகள். பழைய அம்பிளிபயர்களின் மின்சுற்று நடந்துகொள்ளும் விதத்தைக் கணிதமாக்கி, ஒரு கணினிச் சில்லின் மூலம் அதே விளைவைத் தர முயலும் கருவியே மொடலர். பல அம்பிளிபயர்கள், அவற்றின் ஸ்பீக்கர் பெட்டிகள், அந்தப் பெட்டிகளின் முன் வைக்கப்படும் ஒலிவாங்கிகள் வரை எல்லாமே அதற்குள் அடங்கும். 1998இல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட, அவரைவிதை வடிவிலான சிவப்புப் 'பொட்' இதனைப் பரவலாக்கியது. 2006இல் அக்ஸ்-எப்எக்ஸ், 2011இல் கெம்பர், 2015இல் ஹீலிக்ஸ் என்று வளர்ந்து, இன்று 'நியூரல் அம்ப் மொடலர்' என்னும் திறந்தமூல மென்பொருளை எவரும் காசு கொடாமலே இறக்கிக்கொள்ளலாம்.

வெள்ளவத்தையில் வசிக்கும் என் நண்பரின் மகன் நடுத்தர விலையில் ஒரு மொடலர் வைத்திருக்கிறான். ஞாயிறுகளில் தேவாலய இசைக்குழுவில் வாசிப்பவன். குழுவின் மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், "இது கிற்றார் இல்லை, தகரப் பேணிக்குள்ள வண்டு" என்று சொல்லிவிட்டார். அதே மூத்தவருக்குத் தெரிந்த ஒருவரிடம் 50 வொட் வால்வு அம்பிளிபயர் ஒன்று விலைக்கு இருந்தது. மொடலரை அரைவிலைக்கு விற்று, தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தையும் போட்டு அதனை வாங்குவதென்று வீட்டில் முடிவாயிற்று. நண்பர் என்னிடம் ஆலோசனை கேட்டது, மிகுதிப் பணத்தைக் கடனாகக் கேட்பதற்கான முன்னுரை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

அவனுடைய அறையில் மொடலர் ஒரு சிறிய பயிற்சி அம்பிளிபயரில் செருகப்பட்டிருந்தது. "மாமா, கெபினட்டைப் போட்டா போர்வைக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. அதான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன்" என்றான். மொடலருக்குள் கெபினட் என்பது ஸ்பீக்கர் பெட்டியையும் ஒலிவாங்கியையும் போலச் செய்யும் பகுதி. வீட்டைப் பொறுத்தவரை அவன் செய்தது முற்றிலும் சரி. கிற்றாருக்கென்று செய்யப்படும் ஸ்பீக்கர் தானே ஒரு வடிகட்டி. ஏறத்தாழ 5000 ஹேர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி சடுதியாக மங்கிவிடும். உண்மையான ஸ்பீக்கருக்கு மேல் இன்னொரு போலி ஸ்பீக்கரையும் ஏற்றினால் இரட்டைப் போர்வைதான்.

அதே அமைப்போடு அவன் தேவாலயத்துக்குப் போய், மண்டபத்து மிக்சரில் நேரடியாகச் செருகியிருக்கிறான். மண்டப ஸ்பீக்கர்கள் போதகரின் குரல் கடைசி வாங்கு வரைக்கும் தெளிவாகக் கேட்பதற்காக வைக்கப்பட்டவை. உயர்ந்த அதிர்வுகளையும் மறைக்காமல் தருபவை. சிதைந்த கிற்றார் ஒலியின் மேலதிர்வுகள் எல்லாம் வடிகட்டியின்றி வெளியே வந்தன. வண்டு பிறந்த இடம் அதுதான். மூத்தவர் போற்றும் வால்வு அம்பிளிபயருக்கு உரிய சுமையைக் கொடுத்து, அதன் ஸ்பீக்கரைத் தவிர்த்து அதே மிக்சருக்கு அனுப்பினால், அதற்குள்ளிருந்தும் அதே வண்டு வரும். இதை அவரிடம் யாராவது சொன்னார்களா?

சனிக்கிழமை மாலை மண்டபத்துக்கே போனோம். வீட்டுக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று என இரண்டு அமைப்புகளைச் சேமித்தோம். மண்டப அமைப்பில் கெபினட்டைப் போட்டு, 90 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 7000 ஹேர்ட்ஸுக்கு மேலும் வெட்டினோம். கிற்றாரின் தடித்த தந்தி 82 ஹேர்ட்ஸில் ஒலிப்பது உண்மை. எனினும் அந்த அடித்தளத்தில் பேஸ் கிற்றாரும் ட்ரம்ஸும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. மூன்றாமவர் புகுந்தால் சண்டைதான். பிறகு கெயினைப் பாதியாகக் குறைத்தோம். பையன் முகம் சுருங்கியது. தனியே கேட்கும்போது அதிக கெயின் வீரமாகத்தான் இருக்கும். குழுவோடு சேரும்போது அது வெறும் இரைச்சலாகக் கரைந்துவிடும். ஏசி/டிசி குழுவின் 1980ஆம் ஆண்டு இசைத்தட்டான 'பேக் இன் பிளாக்'கைக் கவனமாகக் கேட்கச் சொன்னேன். அந்தக் கிற்றார்களில் நாம் நினைப்பதைவிட எவ்வளவு குறைந்த சிதைவு!

தொனியைச் சரிசெய்யும் குமிழ்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நடுவே 5இல் வைத்தால் அது சமநிலை என்பது பொதுவான நம்பிக்கை. பழைய பெண்டர், மார்ஷல் சுற்றுகளில் அப்படியில்லை. குமிழ்கள் நடுவில் நிற்கும்போதே இடைத்தொனிகள் பள்ளமாகத்தான் இருக்கும். மொடலர் அந்தக் குணத்தையும் விசுவாசமாகப் பிரதிசெய்கிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு, காது சொல்லும் வரை இடைத்தொனியை ஏற்றுவதே வழி.

இவையெல்லாவற்றிலும் முக்கியமானது ஒலியின் அளவு. 1933இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் காட்டியது இது: ஒலி மெதுவாக இருக்கையில் நம் காது தாழ்ந்த அதிர்வுகளையும் மிக உயர்ந்த அதிர்வுகளையும் குறைவாகவே உணர்கிறது. இரவு பதினொரு மணிக்கு, அயலவருக்கு அஞ்சி, மெல்லிய ஒலியில் ஒருவன் தொனி தேடினால் அந்தக் குறையை நிரப்ப பாஸையும் ட்ரெபிளையும் கூட்டுவான். அதையே மண்டபத்தில் உரத்து ஒலிக்கவிட்டால் கீழே முழக்கம், மேலே கீச்சு. பழி பெட்டியின் தலையில் விழும். எந்த அளவில் வாசிக்கப் போகிறீர்களோ, அந்த அளவில்தான் தொனி தேட வேண்டும்.

பிரபலங்களின் பெயரில் ஆயத்த அமைப்புகளை விற்போர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அந்த அமைப்பு இன்னொருவரின் கிற்றாரில், இன்னொருவரின் விரலுக்காக, இன்னொரு ஸ்பீக்கரில் கேட்டுச் செய்யப்பட்டது. உங்கள் கையில் அது வேறொன்றாகத்தான் ஒலிக்கும். கிடைக்காததைத் தேடி மேலும் ஒன்றை வாங்குவீர்கள். வால்வு பக்தரும் இந்த வியாபாரியும் பகைவர்போலத் தோன்றினாலும், கேட்கப் பழகுவதற்குப் பதிலாக வாங்கச் சொல்வதில் இருவரும் ஒரே கட்சி.

"போலி" என்ற வசைக்கு வருகிறேன். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதலாவது மார்ஷல் அம்பிளிபயர், அமெரிக்கப் பெண்டர் பாஸ்மனின் சுற்றைப் பார்த்துச் செய்யப்பட்டது. பக்தர்கள் கைகூப்பும் அந்த விக்கிரகமே ஒரு பிரதி. அந்தச் சிதைந்த ஒலியும் பிறப்பால் ஒரு கோளாறு. 1964இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பைச் சவர அலகால் கிழித்துத்தான் அதனைப் பெற்றார். கிழிந்த கடதாசி உண்மை, கணிதம் பொய் என்பது என்ன தர்க்கம்?

நான் வால்வின் எதிரி அல்லன். எங்கள் வீட்டு வால்வு றேடியோ சூடேறும்வரை காத்திருந்த காலம் எனக்கும் நினைவிருக்கிறது. அறையில் காற்றைத் தள்ளி, நெஞ்சில் இடிக்கும் அந்த அனுபவத்தை ஹெட்போனில் மொடலர் தராது. அது தருவது ஒலிவாங்கியின் முன் வைத்துப் பதிவுசெய்த அம்பிளிபயரின் ஒலி. அறுபது ஆண்டுப் பழைய வால்வு அம்பிளிபயரை இன்றும் பற்றவைத்துத் திருத்தலாம் என்பதும், மொடலரின் மென்பொருளை நிறுவனம் கைவிட்டால் செய்வதற்கு அதிகமில்லை என்பதும் நியாயமான வாதங்களே. அவற்றை மறுக்கமாட்டேன்.

ஆனால் இங்கே, 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதைக் கண்ட நாட்டில், தேய்ந்த வால்வுகளுக்குப் பதில் வால்வுகளை ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று வெளியிலிருந்து தருவிக்க வேண்டிய கருவியை ஒரு மாணவனுக்குப் பரிந்துரைப்பவர், அந்தச் செலவையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 50 வொட்டை அதன் இனிமை வெளிப்படும் அளவுக்குத் திறந்தால் மாடிக்குடியிருப்பில் என்ன நடக்கும் என்பதையும்தான்.

சீட்டுப் பணம் தாயாரின் கையிலேயே இருக்கிறது. அந்த ஞாயிறு நானும் கடைசி வாங்கில் இருந்தேன்; வண்டு வரவில்லை. மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பையன் இப்போது எதிரொலியை அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டிருக்கிறான். அது வேறு சண்டை.