திரையில் வரும் ஆட்டிசமும் எங்களிடம் வரும் குழந்தையும்

குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதை உறுதிசெய்து நாங்கள் கூறும் நாளில், பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பேச்சு வருமா, பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா, எங்கள் காலத்திற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? சில ஆண்டுகளாக இவற்றுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "இவனுக்கு என்ன தனித்திறமை இருக்கிறது டாக்டர்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" கேட்பவர் அண்மையில் ஏதேனும் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவராக இருப்பார்.

இந்த எதிர்பார்ப்பின் வேர் 1988-இல் வெளிவந்த 'ரெயின் மேன்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் இருக்கிறது. அதில் ஆட்டிசம் உள்ளவராக நடித்த டஸ்டின் ஹாஃப்மன் ஆஸ்கர் விருது பெற்றார். கீழே சிதறிய பல்குத்தும் குச்சிகளை ஒரே பார்வையில் எண்ணிச் சொல்லும் காட்சி உலகெங்கும் பதிந்துவிட்டது. அந்தப் பாத்திரத்திற்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் என்பவரின் மூளையில், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை பிறவியிலேயே இல்லை. அவருக்கு இருந்தது ஆட்டிசம் அன்று என்பதே பின்னர் மருத்துவர்கள் கொண்ட கருத்து. ஆனால் திரையில் பதிந்த உருவம் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு வந்த தொலைக்காட்சித் தொடர்களும் அதே தடத்தில்தான் நடந்தன. கொரியத் தொடரொன்றைத் தழுவி 2017 முதல் 2024 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'தி குட் டாக்டர்' தொடரின் நாயகன் ஷான் மர்ஃபி ஓர் இளம் அறுவை மருத்துவர். முதல் பகுதியிலேயே, விமான நிலையத்தில் அடிபட்டுக் கிடக்கும் சிறுவனைக் கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு காப்பாற்றுகிறான். அதே நேரத்தில் மருத்துவமனை நிர்வாகக் குழு அவனை வேலைக்குச் சேர்க்கலாமா என்று வாதிட்டுக்கொண்டிருக்கிறது. 2022-இல் வந்த கொரியத் தொடரான 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ'-வின் நாயகி, படித்ததை மறக்காத வழக்கறிஞர். அலுவலகத்தின் சுழல்கதவைக் கடக்கத் தடுமாறுவாள். நீதிமன்றத்தில் எவருக்கும் தோன்றாத சட்ட நுணுக்கத்தை எடுத்து வைப்பாள்.

இரண்டும் அக்கறையோடு எடுக்கப்பட்டவையே. எங்களில் சிலர் விரும்பியும் பார்த்தோம். எங்கள் மனக்குறை வேறு. இந்தக் கதைகளில் ஆட்டிசம் உள்ளவரின் வேறுபாடு பொறுத்துக்கொள்ளப்படுகிறது. அதற்கு ஈடாக அவர் ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டும், அல்லது ஒரு வழக்கை வெல்ல வேண்டும். அப்படி எதையும் செய்ய இயலாதவருக்கு அந்த மருத்துவமனையில், அந்த அலுவலகத்தில் என்ன இடம் கிடைத்திருக்கும் என்று கதை கேட்பதில்லை. அத்தகைய அபூர்வத் திறன் ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை என்பதை மருத்துவம் நன்கறியும்.

ஏழு வயது மகனுடன் வந்த ஒரு தாய் நினைவுக்கு வருகிறார். ஓராண்டுக் காலத்தில் அவர் மகனுக்குக் கீபோர்டு, அபாகஸ், சதுரங்கம் என மூன்று வகுப்புகளை மாற்றிவிட்டார். அவற்றுக்கு நேரம் ஒதுக்குவதற்காகப் பேச்சுப் பயிற்சியை நிறுத்தியிருந்தார். மீண்டும் பயிற்சியைத் தொடங்கியபின் மூன்று மாதங்களில், தாகம் எடுக்கும்போது தண்ணீர்ப் படம் உள்ள அட்டையை எடுத்துத் தாயின் கையில் கொடுக்கச் சிறுவன் கற்றுக்கொண்டான். அதுவரை அவன் தரையில் விழுந்து அழுவான். எதற்கு அழுகிறான் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. எங்களுக்கு அது பெரிய வெற்றி. "இவ்வளவுதானா?" என்று தாய் கேட்டார். அவரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்த எந்தத் தொடரிலும் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டதற்காக எவரும் கைதட்டியதில்லை.

இதற்கு நேர்மாறான விளைவும் உண்டு. எங்கள் கருத்தில் அதுவே கூடுதல் தீங்கானது. "இவள் என்னைக் கட்டிக்கொள்கிறாள், சிரிக்கிறாள், கண்ணைப் பார்க்கிறாள். தொடரில் வருபவனைப் போல இல்லையே, ஆட்டிசமாக இருக்காது" என்று சொல்லி எழுந்துபோன தந்தையர் உண்டு. திரும்பி வருவதற்குள் ஓரிரு ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாமை, சில ஒலிகளையும் துணிகளையும் தாங்க இயலாமை ஆகியவற்றை வைத்தே நாங்கள் ஐயம் கொள்கிறோம். பாசம் இருப்பது எந்த நாளிலும் ஆட்டிசத்திற்கு எதிரான சான்று ஆகாது. பெண் குழந்தைகள் மற்றவரைப் பார்த்துப் பார்த்துப் பழகித் தம் தடுமாற்றத்தை மறைத்துக்கொள்வதால், அவர்களுக்கு இன்னும் தாமதமாகிறது. நெடுங்காலமாகத் திரையில் ஆட்டிசம் என்றாலே ஓர் ஆண்பிள்ளைதான்.

'தி குட் டாக்டர்' தொடரின் இரண்டாம் பருவத்தில் ஒரு காட்சி உண்டு. அறுவைப் பிரிவிலிருந்து மாற்றப்பட்ட ஷான், தான் ஓர் அறுவை மருத்துவன் என்று மேலதிகாரியிடம் திரும்பத் திரும்பக் கத்துகிறான். தாங்கமுடியாத மன நெருக்கடியில் ஆட்டிசம் உள்ளவர் நிலைகுலைவதைக் காட்ட முனைந்த காட்சி அது. 2023-இல் அந்தத் துண்டு மட்டும் சமூக ஊடகங்களில் கேலிப்பொருளாகப் பரவியது. நடிப்பு மிகை என்று சிலர் கூறலாம். அது இங்கே முக்கியமன்று. கேலி அந்தக் கத்தலின் மீதே விழுந்தது. பேருந்திலோ திருமண மண்டபத்திலோ தம் பிள்ளை அப்படிக் கத்தும்போது, சுற்றியிருப்போர் கைப்பேசியை எடுப்பதைக் கண்ட பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நியாயமாக, மாறான முயற்சிகளையும் சொல்லவேண்டும். வழக்கறிஞர் வூ தொடரின் மூன்றாம் பகுதியில், பேச்சு மிகக் குறைந்த, பெரிதும் பிறர் துணை தேவைப்படும் இளைஞர் ஒருவர் வருகிறார். ஆட்டிசம் என்ற ஒரே சொல்லுக்குள் தானும் அவரும் இருப்பதை நாயகியே எண்ணிப்பார்க்கிறாள். அந்த இளைஞரைப் பற்றியே ஒரு தொடர் வந்திருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்போம் என்பது எங்களுக்குள் நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி. தமிழில் 2013-இல் வந்த 'ஹரிதாஸ்' திரைப்படம் ஒரு தந்தையின் அன்றாட உழைப்பை மரியாதையோடு காட்டியது. எனினும் அங்கும் சிறுவனின் மதிப்பு ஓட்டப்பந்தயத்தில்தான் துலங்குகிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்தவள் ஒரு பொம்மை. அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியில் 2017-இல் தொலைக்காட்சிக்கு வந்த ஜூலியா என்னும் நான்கு வயதுச் சிறுமி. அவளை இயக்கிய கலைஞர் ஆட்டிசம் உள்ள மகனின் தாய். பெரிய பறவை வணக்கம் சொல்கிறது. ஜூலியா பதில் சொல்லவில்லை. தன்னைப் பிடிக்கவில்லையோ என்று பறவை வருந்துகிறது. அவள் பழகும் முறை வேறு என்று மற்றவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். அவசர ஊர்தியின் ஒலி கேட்டதும் அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். விளையாடும்போது குதிக்கிறாள், மற்றவர்களும் சேர்ந்து குதிக்கிறார்கள். அங்கே அவள் எவர் உயிரையும் காப்பாற்றவில்லை.

தொடர்களைப் பார்க்கவேண்டாம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பாட்டியும் சித்தப்பாவும் "இந்தப் பையன் நம் பையன் மாதிரியே இருக்கிறானே" என்று முதன்முறையாகச் சொல்வது பெரும்பாலும் தொலைக்காட்சியின் முன்தான். அப்போது, எந்த இடத்தில் அப்படி இருக்கிறான், எந்த இடத்தில் இல்லை என்று அவர்களோடு பேசிப்பாருங்கள். அடுத்த முறை எங்களிடம் வரும்போது, பிள்ளை வீட்டில் தன் போக்கில் விளையாடுவதை ஐந்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுவாருங்கள். திறமையைக் காட்டச் சொல்லிப் பதிவு செய்யவேண்டாம். அவன் குவளைக்குக் குவளை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாலும் போதும். அதைத்தான் நாங்கள் பார்க்க விரும்புகிறோம்.