திரையை ஆளும் மாணாக்கர்

கல்வியின் பயன் தன்னைத் தானே ஆளும் திறம் பெறுதல் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், நாள்தோறும் பல மணி நேரம் வாசிக்கும் திரையை இன்றைய மாணாக்கர் ஆள்கின்றனரா என்று வினவினால் விடை கூறத் தயங்க வேண்டியுள்ளது. எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது, எவ்விடத்தில் விளம்பரத்தை நுழைப்பது என்பனவற்றைப் பெருநிறுவனங்களின் கணிப்பு முறைகளே முடிவு செய்கின்றன. மாணவன் விரலால் திரையைத் தள்ளுகிறான். அவ்வளவே அவன் உரிமை.

இதற்கு மாற்று இல்லை என்பர் சிலர். அக்கூற்று பிழை. மாற்று, எழுத்து மட்டுமே தோன்றும் முனையத் திரையில் இருக்கிறது. முனையம் என்பது கட்டளையைத் தட்டச்சு செய்து, விடையையும் எழுத்தாகவே பெறும் கணினிச் சாளரம். அதன்வழி இரண்டு உலகங்களுக்குள் புகலாம். ஒன்று, 2016இல் தொடங்கிய மாஸ்டடான் என்னும் சமூக வலை. அது தனியொரு நிறுவனத்தின் உடைமையன்று. பல வழங்கிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் கூட்டமைப்பு. மற்றொன்று, 2019இல் தோன்றிய ஜெமினி என்னும் சிறுவலை. 1991இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பிறந்த கோபர் முறையின் எளிமையை அது தழுவியது. அங்கே வாசகரைப் பின்தொடரும் 'குக்கி'கள் இல்லை. பக்கத்துக்குள் மறைந்து இயங்கும் நிரல்கள் இல்லை. ஒரு வேண்டுகோளுக்கு ஓர் ஆவணம் வரும். அத்துடன் தொடர்பு முடியும்.

இவற்றை அமைத்துக்கொள்வது அரிய செயலா? மாஸ்டடானுக்குரிய 'டூட்' நிரலில் நுழைவுக் கட்டளையை இட்டால் வழங்கியின் பக்கம் உலாவியில் திறக்கும். ஒப்புதல் அளித்தபின் கிடைக்கும் குறியீட்டை முனையத்தில் இட்டால் போதும். கடவுச்சொல் நிரலிடம் செல்வதில்லை. அனுமதிச் சாவி மட்டும் ஒரு கோப்பில் தங்கும். அக்கோப்பைப் பிறர் கையில் சிக்காமல் காப்பது தன் கடமை என்பதை மாணவன் அங்கேயே கற்கிறான். ஜெமினிக்குரிய 'அம்ஃபோரா' நிரலின் அமைப்புக் கோப்போ வெறும் எழுத்துக் கோப்பு. தொடக்கப் பக்கம் எது, வரியின் அகலம் எவ்வளவு, நிறங்கள் எவை என்பன அதில் வரிவரியாக உள்ளன. ஒரு வரியை மாற்றிச் சேமித்து நிரலை மீண்டும் திறந்தால் விளைவு கண்முன் தெரியும். புதிய வழங்கி ஒன்றை அணுகும்போது நிரல் அதன் சான்றிதழை நினைவில் கொள்ளும். பின்னொரு நாள் எதிர்பாராது அது மாறியிருப்பின் எச்சரிக்கும். தொடர்வதா, நிறுத்துவதா என முடிவு செய்பவன் மாணவனே. யாரை நம்புவது என்னும் வினாவை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூல் கற்பிக்கும்?

'இது பொறியாளர் பணி. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?' என்பது ஆசிரியர் அறைகளில் எழக்கூடிய வாதம். இணையத்தில் தமிழ் ஏறிய வரலாற்றை அறிந்தோர் இவ்வாறு கூறார். 'கணியன்' முறையைக் கொண்டு இணையத்தில் தமிழை ஏற்றப் பாடுபட்ட நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர். சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். 1997இல் அங்கு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பின்னணியிலும் அவரது உழைப்பு நின்றது. ஆசிரியர் ஒருவர் அன்று திறந்த வாயிலை ஆசிரியர்களே இன்று அந்நியமெனக் கருதுவது முறையன்று.

'பழைமைக்குத் திரும்புவதா?' என்பது மற்றொரு வாதம். கையெழுத்து ஏடு நடத்திய தலைமுறையிடம் இதைக் கேட்டால் நகைப்பர். தாள் வாங்கி, கோடிட்டு, எழுதி, தைத்து, கைமாற்றிப் படித்தவர்கள் தம் ஏட்டின் ஒவ்வோர் அங்கத்தையும் அறிந்திருந்தனர். சிறுவலைப் பக்கம் இக்காலத்தின் கையெழுத்து ஏடு. எளிமை வேறு, பழைமை வேறு.

அதே வேளையில், முனையத்தைப் புகழ்வோரும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று; யூனிகோட் முறையில் அதற்குக் குறியீடு ஐந்து. முனையமோ ஆங்கில எழுத்துக்கு ஏற்பச் சம அகலக் கட்டங்களாக வளர்ந்த திரை. ஆதலின் பல முனைய நிரல்களில் கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகத் தமிழ் சிதைந்து தோன்றுகிறது. இக்குறை ஜெமினியின் விதியில் இல்லை. பக்கத்தின் மொழி தமிழ் என அறிவிக்கவும் அவ்விதி இடந்தருகிறது. குறை எழுத்தை வரைந்து காட்டும் திரையில் உள்ளது. எனவே, தமிழைச் சிதைக்காத முனையத்தையும் எழுத்துருவையும் தேர்ந்தெடுப்பதே அமைப்பின் முதற்படியாதல் வேண்டும்.

அக்குறையைத் திருத்தப்போவது யார்? தமிழர் அத்திரையில் எழுதாத வரையில் அப்பிழை எவர் கண்ணிலும் படாது. கண்ணில் படாத பிழையை எவரும் திருத்தார். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாவதை முதல் வகுப்பிலேயே கற்பிக்கும் தமிழாசிரியரைவிட அப்பிழையைத் தெளிவாக எடுத்துரைக்க வல்லவர் வேறு எவர்?

ஆகவே, கணினியறை உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ் மன்றம் ஒரு சிறுவலை ஏட்டைத் தொடங்கட்டும். அமைப்புக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் மாணவரே எழுதட்டும். தவறினால் அவரே திருத்தட்டும். செலவு பெரிதன்று, மேற்கூறிய நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வேண்டுவது ஆசிரியரின் மனத்துணிவு ஒன்றே. பிறர் அமைத்துக் கொடுத்த திரையில் தமிழை வாசிக்க மட்டும் கற்ற தலைமுறை, அத்திரையிலிருந்து தமிழ் நீக்கப்படும் நாளில் வாய்மூடி நிற்கும். அத்தகைய தலைமுறையை உருவாக்கிய பழி தமிழ்ப்பள்ளியின்மேல் வந்து சேருதல் ஆகாது.